பழைய கார் நடுவீதியில் நிற்காமலிருக்க: நாம் விடுகிற தவறுகள்

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றபோது எங்கள் வீட்டுக் கொரோலாவுக்கு ஏற்கெனவே 15 வயது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி வந்தது. விலையைக் கேட்டதும், சரி, இதையே இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டுவோம் என்றாகிவிட்டது. கொழும்பில் பலர் வீட்டிலும் இதே கதைதான்.

பழைய காரில் நாம் விடுகிற முதல் தவறு, கிலோமீற்றரை மட்டும் பார்ப்பது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. காலையில் காலி வீதியில் அதற்கு ஒரு மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை. அவ்வளவு நேரமும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மீற்றருக்கு அது தெரியாது. 5,000 கிலோமீற்றர் ஆகவில்லை என்றாலும் ஆறு மாதத்தில் ஒயிலையும் ஒயில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் தண்ணீரின் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் சின்ன வால்வை, கழற்றி எறிவது. எங்கள் கார் முதல்முறை சூடேறியபோது கராஜில் பாஸ் (மெக்கானிக்) சொன்னது: "இது குளிர் நாட்டுக்குத்தான் ஐயா, எங்களுக்குத் தேவையில்லை." நானும் தலையாட்டினேன். இரண்டு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் விடும் நேரமாகப் பார்த்து, பம்பலப்பிட்டியில் ஆவி பறக்க நின்றது. பின்னால் அடித்த ஹோர்ன் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தச் சின்ன வால்வுக்கு இரண்டு வேலை. எஞ்சின் தன் அளவான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் வைத்திருக்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறதென்று நினைத்துக் காரின் கம்பியூட்டர் பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும். டொயோட்டா எஞ்சின்கள் பலவற்றில் அதே வால்வுதான் சூடேறியபின், ரேடியேற்றருக்குப் போகாமல் தண்ணீர் திரும்பும் குறுக்குவழியையும் அடைக்கிறது. கழற்றிவிட்டால் கொதிநீரில் ஒரு பகுதி ரேடியேற்றர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை, சூட்டைக் கூட்டுகிறது.

எங்கள் காரில் உண்மையான குற்றவாளி ரேடியேற்றர் மூடியின் ரப்பர். மூடி இறுகி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் உள்ளே தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ரப்பர் தேய்ந்தால் கொதித்து வெளியே போய்விடும். அப்புறம் மின்விசிறி. அதிவேகப் பாதையில் ஒழுங்காக ஓடுகிற கார் பொரளைச் சந்தியில் மட்டும் சூடேறினால் முதலில் விசிறியைப் பாருங்கள். ஓடும்போது காற்று செய்கிற வேலையை நிற்கும்போது விசிறிதான் செய்யவேண்டும். குறைந்த தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளிப்பதும் கூடாது. உள்ளே துருவும் படிவும் சேர்ந்து ரேடியேற்றரின் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். ரேடியேற்றருக்கென்றே விற்கும் கூலன்ட் திரவத்தைத்தான் ஊற்றவேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம்.

ரிசேர்வ் லைட் எரிய எரிய ஓட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். பெற்றோல் பம்ப் டாங்கிக்குள் இருக்கிறது. அதைக் குளிர்விப்பதே அந்தப் பெற்றோல்தான்.

டயரில் பட்டன் (ரப்பர் வெட்டுகள்) தேயாமல் இருக்கிறதென்று நிம்மதியாக இருக்காதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ரப்பர் ஓடாமலே கிழடாகும். பிரேக் ஒயிலும் அப்படித்தான், ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். தைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பட்டி) உள்ள எஞ்சின் என்றால், எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது செயின், தப்பித்தோம்.

பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான் வாங்குவதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கண்ணாடி, கதவுப்பிடி, லைட் எல்லாம் அங்கேதான் வாங்கினேன். ஆனால் ஹோஸ், பெல்ட், பிரேக் பாட் மட்டும் பழையது வாங்கமாட்டேன்.

கடைசியாக ஒன்று. திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போக முதல்நாள் பின்னேரம் காரை சேர்விஸுக்கு விடாதீர்கள். இரண்டு வாரம் முன்பே செய்து, ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். புதிதாகப் பூட்டிய ஹோஸில் கிளிப் தளர்வதென்றால் அது கொட்டாஞ்சேனையில் தளரட்டும். மதவாச்சி தாண்டி, நடு இரவில் வேண்டாம்.