ஆப்பிரிக்க மலை எருமை: அடிக்கடி கண்ணில் படும் தவறுகள்

'ஆப்பிரிக்க மலை எருமை' என்று யாராவது படம் போட்டால், முதலில் அது எங்கே எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்றும் ஒட்டிக்கொள்ளும் விருங்கா எரிமலைக் காடுகளில் வாழும் எருமைக்குத்தான் அந்தப் பெயர். 1904-இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ரிச்சர்ட் லைடெக்கர் அதைத் தனித் துணையினமாக, அதாவது ஒரே சிற்றினத்துக்குள் ஒரு பிரிவாக, விவரித்தார். அறிவியல் பெயர் சின்செரஸ் காஃபர் மேத்யூஸி. கென்யா மலையிலும் கிளிமஞ்சாரோவிலும் மேயும் எருமைகளுக்கும் இதே பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். அவை கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கச் சமவெளியில் திரியும் அதே கேப் எருமைகள். மேய்ச்சலும் தண்ணீரும் இருந்தால் அந்த விலங்கு மிக உயரத்துக்கும் ஏறும்.

பெயரால் இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மலை அனோவா என்று இன்னொன்று உண்டு. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் வாழும் குட்டையான விலங்கு அது. நம் வீட்டு எருமை இருக்கும் புபாலஸ் பேரினத்தில்தான் அதுவும் வரும். ஆப்பிரிக்க எருமையோ சின்செரஸ் பேரினம். அதை யாரும் வீட்டு விலங்காகப் பழக்கியதில்லை. நம் வீட்டு எருமையான ஆற்றெருமைக்குக் குரோமோசோம்கள் 50, கேப் எருமைக்கு 52. ஆகவே 'நம்ம எருமையின் காட்டு வடிவம்' என்று எழுதுவது சரியல்ல. கொடைக்கானல் ரோட்டில் நின்று செய்தியில் 'காட்டெருமை' ஆகும் விலங்கு இன்னும் தூரத்துச் சொந்தம். அது காட்டுமாடு, பசு இருக்கும் போஸ் பேரினம்.

பெரிய குழப்பம் வகைப்பாட்டில்தான். சிலர் 'மலை எருமை தனிச் சிற்றினம்' என்று அடித்துச் சொல்கிறார்கள், சிலர் 'அப்படி ஒன்றே கிடையாது' என்கிறார்கள். 2011-இல் வெளிவந்த நூலில் விலங்கியலாளர்கள் கோலின் குரோவ்ஸ், பீட்டர் கிரப் இருவரும் குளம்பு விலங்குகளைத் திருத்தி வகைப்படுத்தியபோது இதைத் தனிச் சிற்றினமாகவே உயர்த்தினார்கள். பலர் அதை ஏற்கவில்லை. ஒரே சிற்றினம், அதற்குள் சில துணையினங்கள் என்பதே பெரும்பாலானோர் கணக்கு. அந்தத் துணையினப் பட்டியலிலும் மேத்யூஸி சிலரிடம் இருக்கும், சிலர் அதைக் கேப் எருமையோடு சேர்த்துவிடுவார்கள். யாருடைய வகைப்பாடு என்று ஒரு வார்த்தை சேர்த்தால் சண்டையே வராது.

இந்த இழுபறிக்குக் காரணம் உண்டு. லைடெக்கர் காலத்தில் வேட்டைக்காரர்கள் அனுப்பிய ஒரு தோல், ஒரு ஜோடிக் கொம்பு போதும், புதுப்பெயர் பிறந்துவிடும். எருமையின் கொம்போ வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ப மாறுவது. முதிர்ந்த கேப் காளையின் நெற்றியில் இரு கொம்புகளின் அடியும் தடித்து ஒட்டி, தலைக்கவசம் போல நிற்கும். இளங்காளைக்கு அந்த இடத்தில் இன்னும் மயிர் தெரியும். பெண் எருமைக்கு அந்தத் தடிப்பு குறைவு. நிறமும் அப்படித்தான்: கன்று செம்பழுப்பு, வளர்ந்தது கறுப்பு, சேற்றில் புரண்டு காய்ந்த கிழட்டுக் காளை சாம்பல். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரே மந்தையில் சிவப்பும் கறுப்பும் கலந்து நிற்கும். ஒற்றைப் படத்தைப் பார்த்துத் துணையினம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆப்பிரிக்க எருமைகளில் 'மழைக்காட்டில் வாழும் சிறிய சிவப்புக் காட்டு எருமை ஒரு பக்கம், பெரிய கறுப்புப் புல்வெளி எருமை மறுபக்கம்' என்ற பழைய பிரிவையும் அப்படியே எடுத்து எழுதாதீர்கள். உருவ வேறுபாடு உண்மைதான். கேப் காளை 800 கிலோவைத் தாண்டும், காட்டு எருமை 300 கிலோ அளவில் நிற்கும். ஆனால் மரபணு ஆய்வுகள் கோட்டை வேறு இடத்தில் போடுகின்றன: காட்டு எருமையும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளி எருமைகளும் ஒரு கிளை, கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கக் கேப் எருமை மற்றொரு கிளை. காட்டு எருமைக்குக் குரோமோசோம் 54. அப்படியிருந்தும் அது கேப் எருமையோடு சேர்ந்து கன்று ஈனும்.

விருங்காவைப் பற்றி எழுதும்போது 'மலையிலிருந்து இறங்கி வந்து பயிரை நாசம் செய்கிறது' என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். 1969-இல் ருவாண்டாவின் எரிமலைப் பூங்காவிலிருந்து அடிவாரக் காட்டின் பெரும்பகுதியைப் பைரெத்ரம் பூச்சிக்கொல்லிச் செடி சாகுபடிக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இன்று உருளைக்கிழங்கு வயல் முடியும் இடத்திலேயே பூங்கா தொடங்குகிறது. நடுவே எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர், எருமையைத் தடுக்க. கள்ள வேட்டைக்காரர்கள் எருமைக்கும் சிறு இரலைகளுக்கும் வைக்கும் கண்ணியில் கொரில்லாவும் சிக்குவதுண்டு.

இன்னொன்று. உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் சர்வதேசச் செம்பட்டியலில் 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்' என்று இருப்பது ஆப்பிரிக்க எருமை முழுவதற்குமான மதிப்பீடு. அதை வெட்டி எடுத்து விருங்கா மந்தைகளுக்கு மட்டும் உரியதுபோல ஒட்ட வேண்டாம்.