காருக்குத் தீயணைப்பான்: வாங்கும்போதும் மாட்டும்போதும் நடக்கும் தவறுகள்

காருக்குத் தீயணைப்பான் வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், அளவைப் பார்க்கிறார்கள். எங்கே மாட்டப்போகிறோம் என்று மட்டும் யோசிப்பதில்லை. பெரிய தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

முதலில் வாங்குவதைப் பார்ப்போம். ஸ்பிரே டப்பா போல வரும் சின்னப் புட்டிகள் வேண்டாம் என்பேன். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று பெரும்பாலும் அவற்றின் மேலேயே அச்சிட்டிருக்கும். சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய கார் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். கார்பன் டை ஆக்சைடும் வேண்டாம், மூடிய காருக்குள் மூச்சு முட்டும். ஐஎஸ் 15683 எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 1 கிலோ ஏபிசி பவுடர் (துணி, பெட்ரோல், வாயு என மூவகைத் தீக்குமான பவுடர்) சிலிண்டர் போதும். அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டிக்கியில் போட்டால் மூட்டை முடிச்சுகளுக்கு அடியில் போய்விடும். சீட்டுக்கு அடியில் சும்மா வைப்பது அதைவிட மோசம்: ஒரு சடன் பிரேக்கில் உருண்டு வந்து பெடலுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். இரும்பு பிராக்கெட்டை போல்ட் போட்டு முடுக்க வேண்டும். ஒட்டும் டேப் தாங்காது. துளை போடுவதற்கு முன் காரைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் தரைத்தகட்டை ஒட்டியேதான் ஓடும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் வயர், அந்தப் பக்கமே போகக் கூடாது.

இன்ஜின் அறைக்குத் தானியங்கிக் குழாய் மாட்டுகிறவர்களும் உண்டு. சூட்டில் குழாய் உருகித் துளை விழ, தீயணைக்கும் மருந்து அந்த இடத்திலேயே பீய்ச்சும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அழகாக இருக்கட்டும் என்று ஓரமாக வளைத்து ஓட்டினால் பயனில்லை. தீ மேல்நோக்கி எழும் என்பதால் பேட்டரிக்கும் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கும் மேலாகப் போக வேண்டும். சைலன்சர் குழாய், டர்போ பக்கம் நெருங்கினால் தீயே இல்லாமல் வெடித்துக் கொட்டிவிடும். மின்சாரக் காரில் இதை நம்பி இருக்க வேண்டாம். தரைக்கு அடியில் உள்ள லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் பவுடரால் அடக்க முடியாது, இறங்கி விலகுவதுதான் வழி.

ஓடும் காரின் அதிர்வில் பவுடர் இறுகிவிடும் என்பதால் மாதம் ஒருமுறை சிலிண்டரைத் தலைகீழாக்கிக் குலுக்குங்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, புகை வந்ததும் பானெட்டை முழுக்கத் திறப்பது. காற்று புகுந்து தீ முகத்தில் அடிக்கும். முதலில் இக்னிஷனை அணையுங்கள், இல்லையென்றால் பெட்ரோல் பம்ப் எரிபொருளை ஊற்றிக்கொண்டே இருக்கும். பானெட் பூட்டை மட்டும் விடுவித்து இடுக்கு வழியாக அடியுங்கள். 1 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய 10 நொடியில் காலி. அதற்குள் அடங்கவில்லையா, தள்ளிப் போய் 101-க்கு அழையுங்கள்.