இங்கிலீஷ் ஃபுட்பாலில் எந்த கிளப்? புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரீமியர் லீக் பார்க்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே "நீ எந்த டீம்?" என்ற கேள்வி வந்துவிடும். ஆபீசில் கேட்பார்கள், வாட்ஸப் குரூப்பில் கேட்பார்கள், பதில் சொல்லாமல் இழுத்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். உடனே கூகுளில் பாயின்ட் டேபிளைத் திறந்து மேலே இருக்கும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறோம். அந்த அவசரத்தில்தான் மற்ற எல்லாத் தவறும் தொடங்குகிறது. சீசன் ஆகஸ்டில் தொடங்கி மே வரை ஓடுகிறது, ஒவ்வொரு டீமுக்கும் 38 மேட்ச். டிசம்பர் வரைக்கும் "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

போன வருஷம் கோப்பை வாங்கிய டீமைப் பிடித்துக்கொள்வதுதான் அதிகம் பேர் செய்வது. இப்படி வருபவர்களுக்கு அங்கே க்ளோரி ஹண்டர் என்று பட்டம் கொடுத்துக் கிண்டல் செய்வார்கள், அது போகட்டும், கிண்டல் எல்லோருக்கும்தான் விழும். என் கவலை வேறு. 2013ல் மான்செஸ்டர் யுனைடெட் தன்னுடைய 20வது லீக் பட்டத்தை வாங்கியது, அதோடு அவர்களுடைய மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். இனி வருஷா வருஷம் இதே கதைதான் என்று நம்பி அந்த மே மாதம் ரசிகர் ஆனவர்களுக்கு அதன்பிறகு பத்து வருஷத்துக்கும் மேல் ஒரு லீக் பட்டம்கூடக் கிடைக்கவில்லை, 2024-25ல் 15வது இடத்தில் முடித்ததையும் பார்த்தார்கள். லிவர்பூல்காரர்கள் 1990க்கு அப்புறம் லீக் ஜெயிக்க 2020 வரை காத்திருந்தார்கள். ஆர்சனல் 2003-04ல் ஒரு லீக் மேட்ச்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கியது, அதற்குப் பிறகு இருபது சீசனுக்கு மேல் லீக்கில் வெறுங்கை, அதிலும் 2023, 2024, 2025 என மூன்று வருஷம் வரிசையாக இரண்டாம் இடம். இதற்கு நேர் எதிராக மான்செஸ்டர் சிட்டி. 1999 மே மாதம் அவர்கள் மூன்றாம் டிவிஷனில் இருந்தார்கள். அங்கிருந்து மேலே ஏற வெம்ப்ளியில் ஜில்லிங்கம் என்ற சின்ன கிளப்போடு பிளே-ஆஃப், கடைசி நிமிஷம் வரை 0-2 என்று பின்தங்கி, எப்படியோ சமன் செய்து பெனால்டியில் தப்பித்தார்கள். அதே கிளப்தான் 2023ல் ஒரே சீசனில் லீக், எஃப்ஏ கோப்பை (இங்கிலீஷ் கிளப்கள் மோதும் நாக்-அவுட் போட்டி), சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவின் பெரிய கிளப்கள் மோதும் போட்டி) மூன்றையும் அள்ளியது.

1992ல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து 2025 வரை பட்டம் வாங்கிய கிளப்கள் மொத்தம் ஏழுதான். எந்த கிளப்பை எடுத்தாலும் பெரும்பாலான வருஷங்களில் ஏமாற்றம்தான் மிச்சம் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். தோற்கும்போதும் உட்கார்ந்து பார்க்க முடிகிற டீம் எது என்று யோசித்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

அடுத்தது, ஒரு ஆட்டக்காரருக்காக கிளப்பைப் பிடிப்பது. நம்ம பக்கம் இது ரொம்ப அதிகம். 2021 ஆகஸ்டில் ரொனால்டோ யுனைடெட்டுக்குத் திரும்பி வந்தபோது கூடவே ஒரு பெரிய கூட்டம் வந்தது. அடுத்த வருஷம் நவம்பரில் அவர் போய்விட்டார், கூட்டத்தில் பாதி கூடவே போய்விட்டது, மீதிப் பேர் ஏன் இங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நின்றார்கள். டோட்டன்ஹமை எடுத்துக்கொள்ளுங்கள். 2023ல் ஹாரி கேன் பயர்ன் மியூனிக் போனார், 2025ல் சன் ஹியூங்-மின் அமெரிக்காவுக்குப் போனார். சன்னுக்காக இந்த கிளப்பைப் பார்த்த ஆட்கள் கொரியாவில் மட்டும் இல்லை. அவராவது 17 வருஷமாகக் கோப்பையே காணாத கிளப்புக்கு, சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த ஐரோப்பியக் கோப்பையான யூரோப்பா லீக்கை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆட்டக்காரர்தான் பிடித்திருக்கிறார் என்றால் அவரையே பின்தொடருங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. அதை கிளப் பாசம் என்று நீங்களே நினைத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். மேனேஜருக்கும் இதே கணக்கு. க்ளாப் லிவர்பூலில் 2015லிருந்து 2024 வரை இருந்தார், இந்தக் காலத்தில் அது பெரிய ஆயுள்.

ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்குப் பிடிபடச் சிரமமான ஒன்று உண்டு, அது ரெலிகேஷன். இருபது டீமில் கடைசி மூன்று இடத்தில் முடிப்பவர்கள் அடுத்த சீசன் பிரீமியர் லீக்கில் இருக்க மாட்டார்கள், சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து மூன்று டீம் மேலே வரும். சாம்பியன்ஷிப்புக்குக் கீழே லீக் ஒன், லீக் டூ, ஆக நாலு டிவிஷனில் 92 கிளப், அதற்கும் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. சிஎஸ்கே 2016லும் 2017லும் இல்லாமல் போனபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அது தண்டனைக் காலம், எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரியும். இங்கே அப்படித் தேதி எதுவும் கிடையாது. லீட்ஸ் 2001ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடிய கிளப். 2004ல் கீழே இறங்கியது, 2007ல் மூன்றாம் டிவிஷனுக்கே போய்விட்டது, பிரீமியர் லீக்குக்குத் திரும்ப 2020 ஆனது. லெஸ்டர் கதை எல்லோருக்கும் தெரியும், பந்தயக் கடைகள் 5000க்கு 1 என்று விலை போட்டிருந்த டீம் 2016ல் சாம்பியன் ஆனது. அதைப் பார்த்து மனசைக் கொடுத்தவர்கள் 2023ல் அது இறங்குவதையும், 2024ல் ஏறுவதையும், 2025ல் மறுபடி இறங்குவதையும் பார்க்க வேண்டியிருந்தது.

இதற்குப் பயந்து பெரிய ஆறு கிளப்பில் ஒன்றை எடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த யோசனையே பிடிக்காது. கிரிஸ்டல் பேலஸ் 2025ல் சிட்டியை 1-0 என்று தோற்கடித்து எஃப்ஏ கோப்பையை வாங்கியது, அவர்களுடைய வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பை. நியூகாசில் அதே வருஷம் லீக் கோப்பை (இது லீக் பட்டம் இல்லை, தனி நாக்-அவுட் போட்டி) வாங்கியது, உள்நாட்டில் அவர்கள் அதற்கு முன்னால் பெரிய கோப்பையைத் தொட்டது 1955ல். அந்த இரண்டு இரவும் அந்த ஊர் ஆட்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, சின்ன கிளப்பில் என்ன இருக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. இறங்கினால் என்ன செய்வீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். சாம்பியன்ஷிப் மேட்ச்களை இங்கே டிவியில் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை.

ஓனரைப் பார்த்து மயங்குவதும் உண்டு. பிளாக்பர்ன் ரோவர்ஸை 2010ல் நம்ம நாட்டு வெங்கிஸ் கோழி நிறுவனம் வாங்கியபோது "இந்தியக் கம்பெனி" என்று இங்கே பலருக்குப் பெருமை. 1995ல் பிரீமியர் லீக் ஜெயித்த கிளப் அது. 2012ல் இறங்கியது, அந்த ஊர் ரசிகர்கள் மைதானத்திலேயே ஓனருக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள். ரெக்ஸம் கதை நேர்மாறு. ஹாலிவுட் நடிகர்கள் ரையன் ரெனால்ட்ஸும் ராப் மெக்எல்ஹென்னியும் 2021ல் வாங்கினார்கள், 2023, 2024, 2025 என்று மூன்று வருஷமும் தொடர்ந்து ஒரு டிவிஷன் ஏறியது (ஊர் என்னவோ வேல்ஸில் இருக்கிறது, ஆடுவது இங்கிலீஷ் லீக்கில், அந்தக் குழப்பம் பழகிவிடும்). பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டே உள்ளே போங்கள். செல்சியை 2003லிருந்து வைத்திருந்த ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் 2022ல் உக்ரைன் போருக்குப் பிறகு பிரிட்டனின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டு விற்றுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. சிட்டியில் 2008லிருந்து அபுதாபி பணம், 2023 பிப்ரவரியில் நிதி விதிகளை மீறியதாக நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளை லீக் அவர்கள்மேல் வைத்தது. நியூகாசிலில் 2021லிருந்து சவூதி அரசு நிதி. இதெல்லாம் தெரிந்தும் ஒருவருக்கு அந்த கிளப் பிடிக்கலாம், அது அவர் விருப்பம். தெரியாமல் போய் மாட்டிக்கொண்ட பிறகு இணையத்தில் ராத்திரி பகலாக ஓனருக்கு வக்கீல் வேலை பார்க்கிறார்களே, அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

எதிரிகளைத் தெரிந்துகொள்ளாமல் டீமைப் பிடிக்காதீர்கள். யுனைடெட்டும் பிடிக்கும் லிவர்பூலும் பிடிக்கும் என்று சொன்னால் அங்கே யாரும் உங்களோடு பேச்சைத் தொடர மாட்டார்கள். ஆர்சனல்-டோட்டன்ஹம், நியூகாசில்-சண்டர்லாண்ட், ஆஸ்டன் வில்லா-பர்மிங்ஹாம் இவையெல்லாம் ஊர்ப்பகை. பேலஸுக்கும் பிரைட்டனுக்கும் நடுவே சுமார் நாற்பது மைல் இருந்தும் பகை என்பது கொஞ்சம் விநோதம். கீழ் டிவிஷனில் ஒரு இரண்டாவது செல்லக் கிளப் வைத்துக்கொள்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. உதாரணமாக பார்ன்ஸ்லி. வேல்ஸில் பிறந்த, ஈழத்தமிழ் வம்சாவளி விமல் யோகநாதன் அந்த கிளப்புக்கு ஆடியிருக்கிறார், நமக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க அது ஒரு நல்ல காரணம்.

பகை என்ற பெயரில் புதியவர்கள் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் யுனைடெட் டீம் வந்த விமானம் விபத்துக்குள்ளாகி 23 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் ஆட்டக்காரர்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கியதால் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். தப்பு ரசிகர்கள்மேல்தான் என்று எழுதிய 'தி சன்' பத்திரிகையை லிவர்பூல் நகரத்தில் இன்றைக்கும் பெரும்பாலானோர் வாங்குவதில்லை. ரசிகர்கள் காரணமில்லை, அது சட்டவிரோதமான மரணம் என்று ஒரு விசாரணைக் குழு தீர்ப்புச் சொல்ல 2016 ஆனது. இந்த இரண்டையும் வைத்து மீம் போடுகிறவர்கள் நம்ம ஆட்களிலும் இருக்கிறார்கள், அங்கே யாரோ போட்டதைப் பார்த்து அர்த்தம் தெரியாமலேயே பகிர்கிறார்கள். அங்கே இதைக் கிண்டல் செய்து மைதானத்தில் பாடினால் தடை, வழக்கு வரை போகும்.

அப்புறம் நேரம். இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. அங்கே சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் ராத்திரி 8.30, கோடைநேரக் கணக்கில் 7.30. நல்ல நேரம். (அந்த 3 மணி ஆட்டங்களை பிரிட்டனுக்குள் டிவியில் நேரலையாகக் காட்டுவதில்லை, இங்கே காட்டுகிறார்கள், அதில் நமக்கு ஒரு அல்ப சந்தோஷம்.) ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்பை எடுத்தால் வார நடுவில் ராத்திரி 1.30க்கு அலாரம் வைக்க வேண்டும், மறுநாள் வேலைக்கும் போக வேண்டும். நடுத்தட்டு கிளப் என்றால் வாரத்துக்கு ஒரு மேட்ச், குடும்பத்திலும் சண்டை குறையும்.

லண்டனில் இருக்கும் தமிழர்களுக்கு இன்னொன்று. ஈஸ்ட் ஹாமில் நம்ம ஆட்கள் எவ்வளவு பேர், 2016 வரை வெஸ்ட் ஹாம் மைதானம் பக்கத்திலேயே இருந்தது, அதற்குள் ஒரு முறைகூட எட்டிப் பார்க்காமல் முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளப்புக்கு டிவியில் கத்திக்கொண்டிருந்தவர்கள் பலர். டூட்டிங் பக்கம் இருந்தால் ஏஎஃப்சி விம்பிள்டன் இருக்கிறது. பழைய கிளப்பை மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக அனுமதி கிடைத்த 2002லேயே ரசிகர்கள் கூடிப் புதிதாகத் தொடங்கிய கிளப், அடிமட்டத்திலிருந்து ஏறி 2011ல் அந்த 92 கிளப் வட்டத்துக்குள் வந்தது, 2020ல் சொந்தப் பேட்டையான பிளவ் லேனுக்கே திரும்பியது. பெரிய கிளப் டிக்கெட்டுக்கு மெம்பர்ஷிப், குலுக்கல் என்று அலைய வேண்டும். இங்கே அந்தப் பாடு குறைவு, விலையும் குறைவு.

ஹைலைட்ஸ் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதில் எல்லா டீமும் அழகாகத்தான் ஆடும். யூட்யூபில் கத்தும் ரசிகர் சேனல்களை வைத்தும் வேண்டாம். ஃபேன்டஸி டீம் இன்னும் மோசம், உங்கள் கிளப்புக்கு எதிராக உங்கள் கேப்டன் கோல் போட வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வைத்துவிடும். வாரத்துக்கு ஒரு மேட்ச், வேறு வேறு டீம், முழுசாக 90 நிமிஷம் பாருங்கள். எந்த டீமின் ஸ்கோரை, மேட்ச் பார்க்காத வாரத்திலும் கை தானாக போனில் தேடுகிறதோ அங்கே ஏதோ பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

ஜெர்சியை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வருஷத்துக்கு மூன்று டிசைன் விடுகிறார்கள், விலையும் குறைவில்லை. வாங்கினாலும் முதுகில் பெயர் அடிக்காமல் வாங்குங்கள், ஜனவரியில் மறுபடி டிரான்ஸ்ஃபர் ஜன்னல் (ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் காலம்) திறக்கும்.