சிறிய இரும்புப் பட்டைவாள்: வாங்கும்போதும் மாற்றியமைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டோடு சேர்ந்த பட்டறையில் கேற், கிறில் செய்பவருக்கும் லான்ட்மாஸ்டர் பெட்டி, கலப்பை திருத்துபவருக்கும் கிறைண்டரை விடச் சிறிய பட்டைவாள், அதாவது வளையமாகச் சுற்றும் பிளேட்டால் வெட்டும் இயந்திரம், பல வகையில் நல்லது. தீப்பொறி பறக்காது என்பதையே வன்னியில் முதற்காரணமாகச் சொல்வேன். சோளகம் வீசும் மாதங்களில் கிடுகுக் கொட்டிலின் கீழ் கிறைண்டரின் வெட்டுத்தட்டுச் சுற்றுவதைக் கண்டால் நெஞ்சு பதறுகிறது. ஆயினும் வாங்கிய சிலர், ‘இது நேராக வெட்டாது’ என்று சில மாதங்களிலேயே அதை மூலையில் தள்ளிவிடுகிறார்கள். சரிசெய்ய வேண்டியதை விட்டு, மாற்றத் தேவையில்லாததை மாற்றுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

முதல் தவறு வாங்கும்போதே நேர்கிறது. மரம் அறுக்கும் பட்டைவாள் மலிவாகக் கிடைத்தால், இரும்புக்குரிய பிளேட்டைப் போட்டு அதையே பயன்படுத்தலாம் என்று எண்ணுகிறார்கள். மர இயந்திரத்தில் பிளேட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 மீற்றர் ஓடும். சாதாரண இரும்புக்கு 25 முதல் 60 மீற்றர் போதும். மர இயந்திரத்தின் வேகத்தில் இரும்பைத் தொட்டால் பல்லின் முனை சூடேறி, ஓரிரு வெட்டுக்குள் மழுங்கிவிடும். வேகத்தை இருபதில் ஒரு பங்காக்க பெல்ட் ஓடும் கப்பி ஒன்றை மாற்றினால் போதாது. இடையில் இன்னொரு தண்டோ கியர்பெட்டியோ வேண்டும். அந்தச் செலவுக்கு, 4 அங்குல உருளையை வெட்டக்கூடிய, மூன்று வேகமுள்ள சிறிய இரும்பு இயந்திரத்தையே தேடுவது மேல். அதிலும் பிளேட்டின் நீளம் 64½ அங்குலமா (1638 மி.மீ.) என்று பாருங்கள். இந்த வகைக்குப் பரவலாக வழங்கும் அளவு அதுவே. அரிதான அளவானால் ஒவ்வொரு பிளேட்டுக்கும் கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க நேரும்.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிவைக்கும் இயந்திரத்தில் வேறொரு சிக்கல் உண்டு. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்குமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. ஆகவே மோட்டர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றுவதோடு, கூடுதலாக மின்சாரம் இழுத்துச் சூடேறும். இயந்திரம் நல்லதென்றால், மோட்டரை மட்டும் கழற்றிவிட்டு 230 வோல்ற்றில் 1440 சுற்று ஓடும் அரைக் குதிரைவலு மோட்டரைப் பூட்டலாம். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் நாடுகளிலிருந்து வருபவற்றில், மூன்று பேஸ் மோட்டராக இல்லாதவரை, இந்தத் தொல்லை இல்லை.

அரைக் குதிரைவலு போதாதென்று இரட்டிப்பு வலுவுள்ள மோட்டரைப் பூட்டுவது வீண் செலவு மட்டுமன்று. பிளேட் சிக்கும்போது பெல்ட் வழுக்குவது ஒரு பாதுகாப்பு. வலுவைக் கூட்டிப் பெல்ட்டையும் இறுக்கினால், அது வழுக்க வேண்டிய வேளையில் பிளேட் அறும்.

எதையும் மாற்றுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். 2 அங்குலச் சதுரக் கம்பியொன்றின் மேற்புறத்தில் நீளவாக்கில் கோடிட்டு, நடுவே வெட்டுங்கள். ஒரு துண்டைக் கோடு கீழே வரும்படி உருட்டி, இரண்டையும் தட்டையான தகட்டின் மேல் வைத்து வெட்டுமுகங்களைச் சேர்த்துப் பார்த்தால், நடுவே தெரியும் இடைவெளி உண்மைப் பிழையின் இரு மடங்கு. இடைவெளி மேலோ கீழோ விரிந்தால் பிளேட் செங்குத்தாக இறங்கவில்லை. அதை நடத்தும் பேரிங்குகளைச் சீராக்க வேண்டும். பக்கவாட்டில் விரிந்தால், பொருளைப் பிடிக்கும் வைஸின் அசையாத தாடை பிளேட்டுக்குச் செங்கோணத்தில் இல்லை. வெட்டுமுகமே வளைந்திருந்தால் பிளேட் மழுங்கியிருக்கலாம், தளர்ந்திருக்கலாம், அல்லது பிளேட்டை அழுத்தும் பாரம் மிகுந்திருக்கலாம்.

பேரிங்கைச் சீராக்குவது கடினமன்று. பிளேட்டின் இருபுறமும் நிற்கும் சோடியில் ஒன்றின் அச்சு மையம் விலகியதாக இருக்கும்; நட்டைத் தளர்த்தி அந்த அச்சைத் திருப்பினால் பேரிங் பிளேட்டை நெருங்கும். இயந்திரம் நின்றிருக்கையில் பேரிங்கை விரலால் சுழற்றினால், அது பிளேட்டில் உரசிச் சற்றே தடைப்பட்டுச் சுழல வேண்டும். பேரிங் பூட்டிய, நகர்த்தக்கூடிய தாங்கியை வெட்டும் பொருளுக்கு இயன்றவரை அருகே கொண்டுவந்து பூட்டுங்கள். இதைச் செய்யாமலேயே கோணல் வெட்டுக்கு இயந்திரத்தைக் குறை சொல்பவர்கள் பலர்.

இவ்வளவும் செய்தபின் மாற்றங்களுக்கு வரலாம். மெல்லிய தகட்டுக் காலை நீக்கிவிட்டு அங்கிளில் புதிய சட்டம் ஒட்டுவது நல்லது. ஆனால் அகலம் குறைந்தால், பிளேட்டைத் தாங்கும் இயந்திரக் கையைத் தூக்கிய நிலையில் இயந்திரம் பின்னால் சரியும். குறுந்துண்டைப் பிடிக்கும்போது வைஸின் தாடை கோணுவதைத் தடுக்க, மறுமுனையில் அதே அகலமுள்ள கட்டையை வைக்கலாம். அல்லது தாடையில் மரையிட்டு ஒரு போல்ற் முறுக்கலாம். கை மெதுவாக இறங்குவதற்காக வாகனக் கதவின் காஸ் ஸ்ட்றட்டைப் பூட்டுவது தவறு. அது பாரத்தைத் தாங்குமேயன்றி வேகத்தைக் கட்டுப்படுத்தாது. எண்ணெய்ச் சிலிண்டரும் ஊசி வால்வுமே இதற்குரியவை. சிலிண்டரின் தண்டு உள்ளே இடம் பிடித்து எண்ணெயைத் தள்ளுவதால், சிறியதொரு எண்ணெய்க் கிண்ணமும் இணைக்க வேண்டும்.

பிளேட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம், பைமெட்டல் (பல்முனை மட்டும் கடினமான வேறு உலோகத்தாலானது) வாங்குங்கள். வெட்டும் தடிப்பில் குறைந்தது மூன்று பல் நிற்க வேண்டுமென்பது பொதுவிதி. 6 மி.மீ. தகட்டுக்கு அங்குலத்துக்கு 14 பல் போதும், 3 மி.மீ. அங்கிளுக்கு 24 பல் வேண்டும், அதிலும் ஏறக்குறைய மூன்றுதான் நிற்கும். 1.5 மி.மீ. பொக்ஸ் பாரில் 24 பல்லிலும் இரண்டு பல்கூட நிற்காது; அங்கே பாரத்தைக் குறைப்பதே வழி. துகள் சுருளாக விழுந்தால் பாரம் சரி; பொடியாக விழுந்தால் குறைவு; நீலம் பாய்ந்து தடித்து விழுந்தால் அதிகம். கத்திக்கென்று எடுத்துவைத்த லொறி லீவ் பிளேட்டை (வில்தகட்டை), சூடாக்கி மெல்ல ஆறவிட்டுப் பதம் இறக்காமல் வெட்டினால் வாளின் பல் போய்விடும்.

பழைய இரும்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். காணியிலோ காட்டோரத்திலோ கிடைத்த, இன்னதென்று தெரியாத குழாயையோ உருளையையோ ஒருபோதும் வைஸில் ஏற்றாதீர்கள், தட்டிப் பார்க்கவும் வேண்டாம்; அது வெடிக்காத குண்டாக இருக்கலாம். கண்ட இடத்திலேயே தொடாமல் விட்டு, 119க்கு அழைத்துப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

இயந்திரத்தையே நிமிர்த்தி வைத்து, பொருளைத் தள்ளி வெட்டுவதற்கு அதனோடு வரும் சிறு தகடு வளையும், 6 மி.மீ. தகட்டில் மேசை செய்து பூட்டுங்கள். அப்போது கையுறை அணியாதீர்கள், பொருளை மரத்துண்டால் தள்ளுங்கள். வெட்டு முடிந்ததும் தானே நிறுத்தும் சுவிட்சைக் கழற்றியிருந்தால், அதை மறுபடி பூட்டிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.