பிஸ்க் சூளையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளேஸ் (சுட்டதும் கண்ணாடி போலாகும் பூச்சு) பூசுமுன் பச்சைப் பாண்டத்தை முதல் தடவை சுடுவதுதான் பிஸ்க். போன வாரம் எங்கள் புதுச்சேரிப் பட்டறையில் கற்கும் பெண் ஒருவர் பிஸ்க் ஆன கோப்பையை கிளேஸில் முக்கி எடுத்தார். வாழையிலையில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிளேஸ் வழிந்து ஓடிவிட்டது. "எத்தனையில நிறுத்தினீங்க?" என்றேன். "மீட்டர் 1000 காட்டுச்சு சார், உடனே நிறுத்திட்டேன்." முன்பு நானும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

ஈரம் காயாத பச்சைப் பாண்டம் சூளையில் வெடிக்கும் என்பதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதை விடுகிறேன்.

மீட்டரை மட்டும் நம்புவது

மீட்டர் காட்டுவது தெர்மோகப்பிள் (சூளைக்குள் நீட்டியிருக்கும் சூடு அளக்கும் கம்பி) நுனியில் உள்ள சூட்டை மட்டும்தான். மேல் தட்டும் கீழ்த் தட்டும் வேறு சூட்டில் இருக்கலாம். தெர்மோகப்பிள் பழசானால் பெரும்பாலும் உண்மைச் சூட்டைவிடக் குறைத்தே காட்டும். அப்புறம், மண்ணுக்கு டிகிரி பாதிக் கணக்குதான். எவ்வளவு நேரம் வெந்தது என்பது மீதி. உலை கொதித்ததுமே சோறு வெந்துவிடுமா? பாண்டங்களோடு சூளைக்குள் வைக்கும் சிறு கூம்புதான் கோன்; அது சூடு, நேரம் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வளையும். 06 எண் கோன் சுமார் 1000 டிகிரியில் வளையும், 04 சுமார் 1060-இல்.

ஒருமுறை அறுபது கிண்ணம் ஆர்டர். மூன்று வருடமாக மாற்றாத தெர்மோகப்பிள். மீட்டரில் 1000 வந்ததும் அணைத்தேன். தட்டினால் கிண்ணங்கள் வெண்கலம் மாதிரி கணீரென்றன. நாக்கை வைத்தால் ஒட்டவில்லை. நல்ல பிஸ்க் நாக்கைப் பிடித்து இழுக்கும். அதன் நுண்துளைகள் தண்ணீரை உறிஞ்சினால்தான் கிளேஸ் மேலே படியும். இவற்றில் துளைகள் மூடிப்போயிருந்தன. கிண்ணங்களைச் சூடாக்கி, கிளேஸைக் கெட்டியாக்கி மறுபடி முக்கினேன். பாதிகூடத் தேறவில்லை. அடுத்த சூளையில் மூன்று தட்டிலும் கோன் வைத்தேன். மீட்டர் 1000 காட்டும்போது நடுத்தட்டின் 04 கோன்கூடக் குப்புற விழுந்திருந்தது.

கோன் பெட்டி அலமாரியில்தான் இருந்தது. இன்று நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. ஒவ்வொரு சூளையிலும், ஒவ்வொரு தட்டிலும் கோன் வையுங்கள். கண்ட்ரோலர் புதிதாக இருந்தாலும் வையுங்கள்.

கரண்ட்டை மிச்சம் பிடிப்பது

900-இல் நிறுத்தினால் பாண்டம் அளவுக்கு மீறி உறிஞ்சும். கிளேஸ் தடித்துச் சுருண்டு விலகும். சரியாக எரியாமல் மண்ணில் தங்கிய கரி, கிளேஸ் பூசி மறுபடி சுடும்போது வாயுவாகக் கிளம்பி ஊசித்துளை போடும். 700-இலிருந்து 900 வரை மெதுவாக ஏற்றுங்கள், காற்றுத் துளை திறந்தே இருக்கட்டும்.

6 கோனையும் 06 கோனையும் குழப்புவது

06 சுமார் 1000 டிகிரி, 6 சுமார் 1220. செம்மண் பாண்டத்துக்கு 6 போட்டால் உருகித் தட்டோடு ஒட்டிவிடும்.

மூடியை அவசரமாகத் திறப்பது

100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை தொடாதீர்கள்.