பூவருகே பத்து நிமிடம்: பம்பிள் தேனீ முதல் பூ ஈ வரை கணக்கெடுப்பது எப்படி

பூச்சிகள் குறைந்துவிட்டன என்று எல்லோரும் சொல்கிறோம். எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கணக்கு இருப்பதில்லை. அதை எடுக்க ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

பூத்திருக்கும் செடியருகே அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிற்றால் குறியுங்கள். பிரிட்டனில் தன்னார்வலர்கள் எடுக்கும் கணக்கிலும் இதே அளவு, இதே பத்து நிமிடம்தான். வெயில் இருக்கவேண்டும், காற்று அடங்கியிருக்கவேண்டும். உட்கார்ந்ததும் முதல் வேலை, சதுரத்துக்குள் இருக்கும் பூக்களை எண்ணுவது. பூ கூடினால் வரவும் கூடும்; அந்த எண் இல்லாமல் இரண்டு நாள் கணக்கை ஒப்பிட முடியாது. உங்கள் நிழல் பூமேல் விழக்கூடாது.

அப்புறம், பூவில் வந்து அமரும் ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு கோடு. ஒன்றே பூவுக்குப் பூ தாவினாலும் ஒரு கோடுதான். இனப்பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. பம்பிள் தேனீ, வளர்ப்புத் தேனீ, தனித் தேனீ (கூட்டமாக வாழாமல் தனியே கூடு கட்டுவது), ஈ, குளவி, வண்டு, பட்டாம்பூச்சி என்று பிரித்தால் போதும்.

தடுமாற்றம் வருவது தேனீ போலவே மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட பூ ஈக்களிடம்தான். கண்ணைப் பாருங்கள்: ஈக்குத் தலை முழுக்கக் கண்ணாகவே தெரியும், உணர்கொம்பு குட்டையாக இருக்கும், இறக்கை ஒரே ஜோடி. தேனீக்கு உணர்கொம்பு நீளம், இறக்கை இரண்டு ஜோடி. பம்பிள் தேனீ உருண்டையாக, அடர்ந்த ரோமத்தோடு இருக்கும். அதில் வேலைக்காரத் தேனீயின் பின்னங்காலில் பளபளப்பான தட்டைப் பகுதி உண்டு; அதுதான் மகரந்தக் கூடை. மகரந்தத்தைத் தேனில் குழைத்து அதில்தான் அப்பிக்கொள்ளும். அந்தக் கூடை இல்லையென்றால் அது ஆணாக இருக்கலாம், அல்லது பிற பம்பிள் தேனீயின் கூட்டில் முட்டையிடும் குயில் வகையாக இருக்கலாம். இலைவெட்டித் தேனீ மகரந்தத்தை வயிற்றின் அடியில் சுமக்கும்.

எனக்குப் பிடித்த இடம் தக்காளிச் செடி. அங்கே காதையும் தீட்டுங்கள். பம்பிள் தேனீ பூவைத் தாடையால் கவ்வி உடம்பை அதிரவைக்கும்போது ரீங்காரம் சட்டென்று மாறும், மகரந்தம் கொட்டும். வளர்ப்புத் தேனீக்கு இந்த வித்தை வராது.

எண்ணிக்கையையும் வகையையும் தனித்தனியாக எழுதுங்கள். நாற்பது வரவும் வளர்ப்புத் தேனீ என்றால் ஒரு நிலைமை, அதே நாற்பது ஏழெட்டு வகையாகப் பிரிந்தால் வேறு நிலைமை. ஒன்றுமே வராத நாளில் பூஜ்யம் என்று எழுதத் தவறாதீர்கள்.

வண்ணக் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பிடிக்கும் முறையும் ஆய்வில் உண்டு. வீட்டுக் கணக்குக்கு அது வேண்டவே வேண்டாம். வசந்தத்தில் தனியாகக் கூடு தொடங்கும் பம்பிள் ராணி அதில் விழுந்தால், அந்த ஆண்டுக் கூட்டமே பிறக்காமல் போகும்.