"ஒன்றுமில்லை" என்கிற நண்பரிடம் எப்படிப் பேசுவது?

வகுப்புக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த நண்பர் திடீரென்று வருவதில்லை. பகலெல்லாம் தூக்கம், செய்தி அனுப்பினால் பதில் இல்லை. பரீட்சை டென்ஷன் என்று விட்டுவிடுவோம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவர்களும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

எதிரே உட்காரவைத்து விசாரித்தால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். சேர்ந்து நடக்கும்போது பேச்சை எடுங்கள். "மூன்று நாளாக நீ சாப்பிட வரவில்லையே" என்று, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். (இதுதான் நமக்கு வராது.) "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" வேண்டவே வேண்டாம்.

வாழ்க்கையே வெறுத்துப்போன மாதிரி பேசினால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். உடனே பொறுப்பான ஒருவரிடம் சொல்லுங்கள்.

மற்றபடி, "மனநல ஆலோசகரைப் போய்ப் பார்" என்பதோடு நிறுத்தாமல், நேரம் வாங்கிக் கொடுத்து வாசல்வரை கூடவே போங்கள். முதல் தடவை போவதுதான் கஷ்டம்.